சீக்வென்சரில் கிளாக் டிவிஷனும் க்ரூவும்: நடை பிசகாமல் அமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கும்பகோணம் பக்கத்தில் நாதஸ்வரம், தவிலோடு மின்னணு இசையைச் சேர்த்து வாசிக்கும் குழுக்களுக்கு ஹார்டுவேர் சீக்வென்சர் (அடிகளை வரிசையாகப் பதிந்து திரும்பத் திரும்ப வாசிக்கும் கருவி) அமைத்துக் கொடுக்கிறேன். புதிதாகக் கருவி வாங்கி வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் தொடுவது, சில அடிகளைச் சற்றுத் தாமதமாக்கி க்ரூவ், அதாவது ஓட்டத்துக்கு ஒரு ஆட்டம், கொடுக்கும் ஸ்விங் குமிழை. அது கடைசியில் தொட வேண்டியது. முதலில் கிளாக் (கருவிகளைச் சேர்ந்து ஓடவைக்கும் துடிப்பு), அப்புறம் டிவிஷன் (ஒரு பீட்டை எத்தனை கூறாகப் பிரிப்பது), அப்புறம் பேட்டர்ன் (திரும்பத் திரும்ப ஓடும் அடி வரிசை) நீளம், அதன் பிறகு அழுத்தம், எல்லாம் முடிந்த பிறகுதான் ஸ்விங். இந்த வரிசை ஏன் என்பது போகப் போகப் புரியும்.

எந்தக் கம்பெனிக் கருவியாக இருந்தாலும் இந்த முறை பொருந்தும். மெனுவின் பெயர்கள்தான் மாறும்: ஒன்றில் டிவிஷன் என்றிருப்பது இன்னொன்றில் ஸ்கேல், ஸ்பீடு, ரேட் என்று இருக்கும்.

1. தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

கருவியின் கையேட்டில் நான்கு விவரங்களைத் தேடி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பேட்டர்னில் அதிகபட்சம் எத்தனை ஸ்டெப் (ஒரு அடி வைக்கும் கட்டம்)? டிவிஷன் ஒவ்வொரு டிராக்குக்கும் (ஒரு ஒலிக்கான வரிசைக்கும்) தனியாக உண்டா, மொத்தத்துக்கும் ஒன்றுதானா? ஸ்விங்கும் அப்படியே: தனித்தனியா, பொதுவா? டெம்போவைப் பேட்டர்னோடு சேர்த்துச் சேமிக்க முடியுமா? இந்த நான்கும் தெரியாமல் உட்கார்ந்தால் பாதி நேரம் இல்லாத மெனுவைத் தேடுவதில் போய்விடும்.

கருவியைத் தவிர வேண்டியது ஒன்றுதான். அமைக்கப்போகும் உருப்படியின் தாளம், நடை (தாளத்தின் ஒரு எண்ணிக்கையான அட்சரம் எத்தனையாகப் பிரிகிறது), எடுப்பு (பாட்டு தாளத்தில் தொடங்கும் இடம்) மூன்றையும் குழுவின் தவில்காரரிடம் கேட்டு, அவர் சொற்கட்டு (தகதிமி போன்ற தாளச் சொற்கள்) சொல்வதை போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். பாட்டை மட்டும் கேட்டுக் கணக்குப் போட்டால் எடுப்பைச் சமம் (தாளத்தின் முதல் அடி) என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு.

2. தலைமைக் கருவி ஒன்றே ஒன்று

இரண்டு கருவிகள் இருந்தால் ஒன்று கிளாக் அனுப்பட்டும், மற்றது வாங்கட்டும். இரண்டிலும் அனுப்புதலும் வாங்குதலும் திறந்திருந்தால் டெம்போ எண் குதித்துக்கொண்டே இருக்கும்.

அடிக்கடி பார்க்கிற இன்னொரு கோளாறு: ஒரே கருவிக்கு மிடி (மின்னணு இசைக் கருவிகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறும் முறை) கேபிளும் யூஎஸ்பி கேபிளும் போயிருக்கும், இரண்டு வழியிலும் கிளாக் வந்துகொண்டிருக்கும். துடிப்புகள் இரட்டிப்பாவதால் சில கருவிகள் இருமடங்கு வேகத்தில் ஓடும். “அண்ணே, மெஷின் தப்பா ஓடுது” என்று கூப்பிட்டால் நான் முதலில் எண்ணச் சொல்வது கேபிள்களைத்தான்.

3. துடிப்பு எண்ணிக்கையைப் பொருத்துங்கள்

மிடி கிளாக் ஒரு பீட்டுக்கு 24 துடிப்பு அனுப்பும். இது மாறாது. ஆனால் சிறிய ஆடியோ ஜாக் வழியாகப் போகும் சிங்க் துடிப்பு (வேகத்தைப் பொருத்த அனுப்பும் மின் துடிப்பு) கருவிக்குக் கருவி வேறு. கோர்க் வோல்கா வகைக் கருவிகள் பீட்டுக்கு 2 துடிப்பை எதிர்பார்க்கும். மற்ற பல கருவிகள் ஸ்டெப்புக்கு ஒன்று, அதாவது பீட்டுக்கு 4 அனுப்பும். 2 எதிர்பார்க்கும் இடத்தில் 4 வந்தால் இருமடங்கு வேகம். 24 வந்தால் பன்னிரண்டு மடங்கு.

இதை டிவிஷனால் சரிக்கட்டாதீர்கள். வேகம் இரட்டிப்பாகிவிட்டதே என்று வாங்கும் கருவியில் பாதி டிவிஷன் வைத்தால் அன்றைக்குச் சரியாக ஓடும். அடுத்த நிகழ்ச்சியில் கேபிளை மாற்றிச் செருகினால் எல்லாக் கணக்கும் குலையும். அனுப்பும் கருவியின் சிங்க் அமைப்பிலேயே எண்ணிக்கையை மாற்றுங்கள்.

ஸ்டார்ட், கன்டினியூ வித்தியாசத்தையும் இங்கேயே சோதித்துவிடுங்கள். ஸ்டார்ட் வந்தால் வாங்கும் கருவி முதல் ஸ்டெப்பிலிருந்து தொடங்கும். கன்டினியூ வந்தால் நின்ற இடத்திலிருந்து. சில கருவிகளில் பிளே பொத்தானை ஒரு முறை அழுத்தினால் நிற்பதும் மறுமுறை அழுத்தினால் கன்டினியூவும் ஆகும். அதைத் தெரியாமல் மேடையில் நிறுத்தித் தொடங்கினால் இரண்டு கருவிகளும் வெவ்வேறு சமத்தில் ஓடும் வாய்ப்பு உண்டு.

4. அட்சரத்தை ஸ்டெப்பாகப் பிரியுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். சீக்வென்சருக்குத் தாளம் தெரியாது. அதற்குத் தெரிந்தது பீட், ஒரு பீட்டில் நான்கு ஸ்டெப், அவ்வளவுதான். அட்சரத்தை எத்தனை ஸ்டெப்பாக்குவது என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

சதுஸ்ர நடையில் பிரச்சினை இல்லை. தகதிமி நான்கு, பீட்டும் நான்கு. ஆதி தாளம் எட்டு அட்சரம், 32 ஸ்டெப். அட்சரம் நிமிடத்துக்கு 80 என்றால் கருவியின் டெம்போவும் 80. இனி எல்லாக் கணக்கையும் இந்த 80-ஐ வைத்தே சொல்கிறேன்.

மூன்றாகப் பிரியும் திஸ்ர நடைக்கு டிராக்கின் டிவிஷனை டிரிப்லெட்டுக்கு மாற்றினால் போதும், டெம்போவைத் தொட வேண்டாம். டிரிப்லெட் இல்லாத கருவியில் முக்கால் வேகம் இருந்தால் அதுவும் இதே வேலையைச் செய்யும்: பீட்டுக்கு நான்கு ஸ்டெப்பின் முக்கால் மூன்று. ஒன்றரை வேகம் வைத்தால் ஆறு ஸ்டெப், அதாவது திஸ்ரத்தின் மேல்காலம் (இருமடங்கு வேகம்).

இங்கே எல்லோரும் விடும் தப்பு, டிவிஷனை மாற்றிவிட்டு நீளத்தை மாற்றாமல் விடுவது. திஸ்ர நடையில் ஆதி தாளத்துக்கு 24 ஸ்டெப்தான். 32-ஐ அப்படியே விட்டால் பேட்டர்ன் பத்து அட்சரத்தைத் தாண்டிப் பதினொன்றாவதின் நடுவில் திரும்பும். ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) வரை தெரியாது. இரண்டாவது ஆவர்த்தனத்தில் தவில்காரர் நிமிர்ந்து பார்ப்பார்.

நாதஸ்வரத்தில் வாசிக்கும் கோயில் உருப்படியான மல்லாரியைக் கீழ்க்காலம், மேல்காலம் என்று வாசிப்பதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு டிவிஷன் சுலபமாகப் பிடிபடும். ஒரே பேட்டர்னை மூன்று டிராக்கில் நகலெடுத்து, ஒன்றை அரை வேகத்தில், ஒன்றை ஒன்று, மற்றதை இரண்டு என்று ஓடவிட்டு, அட்சரத்தைக் கையால் போட்டுக்கொண்டே ஒவ்வொன்றாக ஒலியடக்கிக் கேளுங்கள். இந்தப் பயிற்சி முடியாமல் அடுத்த படிக்குப் போவதில் பலனில்லை.

5. கண்டமும் மிஸ்ரமும்: டிவிஷன் கைவிடும் இடம்

மிடியின் 24 துடிப்பை 3, 4, 6, 8 எதால் வகுத்தாலும் முழு எண் வரும். கண்டத்துக்கு 5-ஆல் வகுத்தால் 4.8. மிஸ்ரத்துக்கு 7-ஆல் வகுத்தால் 3.42 சொச்சம். அதனால்தான் பெரும்பாலான கருவிகளின் டிவிஷன் பட்டியலில் திஸ்ரம் இருக்கிறது, கண்டம் இல்லை. மெனுவில் தேடிக் களைத்துப்போக வேண்டாம்.

வழி என்னவென்றால், கருவியின் பீட்டும் நம் அட்சரமும் ஒன்று என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும். ஸ்டெப்பை மட்டும் எண்ணுங்கள். கருவியின் டெம்போ = அட்சர வேகம் × நடை ÷ 4.

அட்சரம் 80-இல் கண்ட நடை என்றால் 80 × 5 ÷ 4, டெம்போ 100. மிஸ்ர நடைக்கு 140. ஒன்பதாகப் பிரியும் சங்கீர்ண நடைக்கு 180. கருவி 100 என்று காட்டும், காலப்பிரமாணம் (அட்சர வேகம்) 80-ஆகவே இருக்கும்.

நீளத்தையும் உடனே மாற்றுங்கள். ஆதி தாளத்துக்குக் கண்ட நடையில் 40 ஸ்டெப், மிஸ்ரத்தில் 56, சங்கீர்ணத்தில் 72. 64 ஸ்டெப்தான் உச்சம் என்கிற கருவியில் 72 அடங்காது. 36 ஸ்டெப்பில் அரை ஆவர்த்தனமாக அமைத்து இருமுறை ஓட்டுங்கள். 16 ஸ்டெப் மட்டுமே உள்ள சின்னக் கருவியில் கண்டத்துக்கு 10, மிஸ்ரத்துக்கு 14, சங்கீர்ணத்துக்கு 9 என்று நீளம் வையுங்கள். மூன்றும் ஆவர்த்தனத்தைச் சரியாக நிறைக்கும்.

மிஸ்ர சாபுவையும் மிஸ்ர நடையையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. மிஸ்ர சாபு மூன்றும் நான்குமாக ஏழு எண்ணிக்கை கொண்ட தாளம். அதற்கு எண்ணிக்கைக்கு இரண்டு ஸ்டெப் வைத்து நீளத்தை 14 ஆக்கினால் வேலை முடிந்தது, மேலே சொன்ன பெருக்கல் வேண்டாம். மிஸ்ர நடை என்பது ஒவ்வொரு அட்சரமும் தகிட தகதிமி என்று ஏழாகப் பிரிவது. அதற்குத்தான் பெருக்கல்.

பேட்டர்னோடு டெம்போவைச் சேமிக்கும் வசதி இருந்தால் சதுஸ்ரத்திலிருந்து கண்டத்துக்கு ஒரே பொத்தானில் மாறலாம். ஒரு எச்சரிக்கை: கிளாக்கைப் பின்தொடரும் டிலே எஃபெக்டும் டெம்போவோடு சேர்ந்து மாறும். கண்டத்தில் எதிரொலி அட்சரத்தில் விழ வேண்டும் என்றால் அதன் நேரத்தை மில்லிசெகண்டில் நிறுத்துங்கள். அட்சரம் 80-க்கு அது 750.

சதுஸ்ரமும் கண்டமும் ஒரே நேரத்தில் வேண்டுமா? இங்கே டிவிஷன் மறுபடி கைகொடுக்கும். 4-க்கும் 5-க்கும் பொதுவான 20-ஐ அட்சரத்தின் ஸ்டெப் எண்ணிக்கையாக எடுங்கள். அட்சரம் 80 என்றால் டெம்போ 200 வைத்து, டிராக்குகளை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டினால் அட்சரத்துக்கு 20 ஸ்டெப் கிடைக்கும். ஐந்து ஸ்டெப்புக்கு ஒரு அடி விழும் டிராக் சதுஸ்ரம். நான்கு ஸ்டெப்புக்கு ஒன்று விழுவது கண்டம். தலைகீழாகத் தோன்றும், ஒரு தடவை தாளில் எழுதிப் பார்த்தால் சரியாகிவிடும்.

6. ரீசெட் எங்கே என்று முடிவு செய்யுங்கள்

ரீசெட் என்றால் எண்ணிக்கையை மறுபடி முதலிலிருந்து தொடங்குவது. வகுத்து எண்ணும் கவுண்டருக்குத் தொடக்கம் எது என்று சொல்லாவிட்டால் அது தன் இஷ்டத்துக்குத் தொடங்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது டிவிஷனை மாற்றினால் சில கருவிகள் மாற்றிய கணத்திலிருந்து எண்ணத் தொடங்கும். நான்கு ஸ்டெப்புக்கு ஒரு அடி என்று மூன்றாவது ஸ்டெப்பில் மாற்றினால் அடி 1, 5, 9-க்குப் பதில் 3, 7, 11 என்று விழும். வேகம் சரி, இடம் தப்பு. கேட்பவருக்கு ஏதோ சரியில்லை என்று மட்டும் தெரியும்.

இதைப் பிடிக்க ஒரு தனி டிராக்கில் சமத்தில் மட்டும் கூர்மையான ஒலி ஒன்றை வையுங்கள். பயிற்சி முழுக்க அது ஓடட்டும். டிவிஷனை மாற்றிய பிறகு அடி சமத்தோடு சேர்கிறதா என்று ஒரு ஆவர்த்தனம் கேட்டால் போதும்.

டிராக்குகளின் நீளம் வேறாக இருந்தால் அவை எப்போது கூடும் என்றும் கணக்கிடுங்கள். 32 ஸ்டெப் ஆதி தாளத்தின் மேல் 7 ஸ்டெப் சுழற்சி ஓடவிட்டால் 224 ஸ்டெப்புக்கு ஒருமுறை, அதாவது ஏழு ஆவர்த்தனத்துக்கு ஒருமுறைதான் இரண்டும் சமத்தில் சேரும். அது உங்கள் விருப்பம் என்றால் நல்லது. இல்லையென்றால் எல்லா டிராக்கும் 32-இல் திரும்பும்படி முதன்மை நீளத்தை அமைத்துவிடுங்கள்.

7. ஸ்விங்குக்கு முன் அழுத்தம்

பேட்டர்ன் உயிரில்லாமல் கேட்கிறது என்றதும் கை ஸ்விங்குக்குப் போகும். பெரும்பாலும் குறை நேரத்தில் இல்லை, எல்லா அடியும் ஒரே அழுத்தத்தில் இருப்பதில்தான்.

தவில்காரர் சொன்ன சொற்கட்டின் பதிவை இப்போது எடுங்கள். எந்த எழுத்தில் குரல் அழுந்துகிறதோ அந்த ஸ்டெப்பின் வெலாசிட்டியை, அதாவது அழுத்த எண்ணை, கூட்டுங்கள். தகதிமிக்கு 110, 70, 90, 65 என்று தொடங்கி காதால் திருத்தலாம். வலந்தலை (தவிலின் வலப்பக்கம்) போன்ற ஒலிக்கும் தொப்பி (இடப்பக்கம்) போன்ற ஒலிக்கும் ஒரே அழுத்த வரிசையைப் போடாதீர்கள். தொப்பியில் குச்சி விழும் இடங்கள் குறைவு, அழுத்தம் அதிகம்.

இதைச் செய்த பிறகு பாதிப் பேருக்கு ஸ்விங்கே தேவைப்படுவதில்லை.

8. ஸ்விங் சதவீதத்தை மில்லிசெகண்டாகப் பாருங்கள்

ஸ்விங் செய்வது ஒன்றுதான்: இரண்டு ஸ்டெப்பை ஒரு ஜோடியாக எடுத்து, இரண்டாவதைத் தாமதப்படுத்துகிறது. 50 என்றால் சரிபாதி. டெம்போ 80-இல் ஒரு ஜோடியின் நீளம் 375 மில்லிசெகண்ட். 54 வைத்தால் இரண்டாவது ஸ்டெப் 15 மில்லிசெகண்ட் தாமதம், 58-இல் 30, 62-இல் 45.

66-ஐத் தொட்டால் ஜோடி இரண்டுக்கு ஒன்று என்று பிரிந்து திஸ்ரத்தின் சாயலுக்குப் போய்விடும். தவில் சதுஸ்ரத்தில் ஓடும்போது சீக்வென்சர் திஸ்ரம் பேசினால் இரண்டும் மோதும். நாதஸ்வரக் குழுவோடு வாசிக்கும்போது 58-ஐ நான் தாண்டவிடுவதில்லை.

சதவீதம் அப்படியே இருக்க, டெம்போ ஏறினால் தாமதம் சுருங்கும். 80-இல் 30 மில்லிசெகண்டாக இருந்த 58, டெம்போ 140-இல் 17-தான். டிவிஷனை மாற்றினாலும் இதே கதை: ஸ்டெப்பின் நீளம் இரட்டித்தால் தாமதமும் இரட்டித்து 60 ஆகிவிடும். ஸ்விங்கைக் கடைசியில் வைக்கச் சொல்வது இதனால்தான். முதலில் ஸ்விங்கை ரசித்து அமைத்துவிட்டு அப்புறம் டிவிஷனை மாற்றினால் ரசித்தது போய்விடும்.

இரண்டு விஷயங்களை இங்கே கவனியுங்கள். மிடி கிளாக் ஸ்விங்கைச் சுமந்து போகாது. பின்தொடரும் கருவியில் தனியாக வைக்க வேண்டும். ஆனால் ஸ்டெப்புக்கு ஒரு துடிப்பு அனுப்பும் சிங்க் ஜாக்கில் சில கருவிகள் ஸ்விங்கான துடிப்பையே அனுப்பும். அப்போது வாங்கும் கருவியிலும் ஸ்விங் வைத்தால் தாமதம் இரட்டிக்கும். ஒன்றை 50-இல் விடுங்கள்.

ஒவ்வொரு டிராக்குக்கும் தனி ஸ்விங் இருந்தால் சிறிய ஒலிகளுக்கு மட்டும் கொடுங்கள். அடித்தள அடியும் பேஸும் நேராக நிற்கட்டும். எல்லாமே சேர்ந்து தள்ளிப்போனால் ஒப்பிட்டுப் பார்க்க நேரான அடியே இருக்காது, ஸ்விங்கும் தெரியாது.

9. ஐந்திலும் ஏழிலும் ஸ்விங்கை அணைத்துவிடுங்கள்

ஸ்விங் ஜோடி ஜோடியாக எண்ணுகிறது. கண்டத்திலும் மிஸ்ரத்திலும் ஒரு ஸ்டெப் தனியாக மிஞ்சும். கண்ட நடையில் முதல் அட்சரத்தில் 2, 4 தாமதமாகும். இரண்டாவது அட்சரத்தின் தொடக்கம் ஆறாவது ஸ்டெப், இரட்டைப்படை. அதாவது அட்சரத்தின் தலையே தாமதமாக விழும். நீளத்தை 10 ஆக்கினாலும் 40 ஆக்கினாலும் இது தீராது.

நீளம் 5 என்று வைத்தால்? சில கருவிகள் பேட்டர்னின் ஸ்டெப் எண்ணைப் பார்த்து ஸ்விங் போடும். அப்போது தலை தப்பிக்கும், ஐந்தாவதும் முதலாவதும் நேராக அடுத்தடுத்து விழும். மற்றவை ஓட்டத்தின் மொத்த எண்ணிக்கையைப் பார்க்கும். அவற்றில் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று தலை நொண்டும். உங்கள் கருவி எந்த வகை என்று தெரிய 5 ஸ்டெப்பில் எல்லா அடியும் போட்டு ஸ்விங்கை 70-க்கு ஏற்றிக் கேளுங்கள். உடனே தெரிந்துவிடும்.

சரியான வழி, ஸ்விங்கை 50-இல் நிறுத்திவிட்டு ஸ்டெப் வாரியாக மைக்ரோ டைமிங் (ஒரு ஸ்டெப்பை மட்டும் முன்னோ பின்னோ நகர்த்துவது) கொடுப்பது. தக தகிட என்றால் இரண்டு த-வும் நேராக நிற்கட்டும், இரண்டாவது தொகுப்பின் கி-யை மட்டும் லேசாகப் பின்னே தள்ளுங்கள். மைக்ரோ டைமிங் இல்லாத கருவியில் அழுத்தத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

10. தவிலோடு மேடையில்

கிளிக் ஒலியை அட்சரத்துக்கு ஒன்று என்று கொடுங்கள், பீட்டுக்கு ஒன்று என்று அல்ல. கண்ட நடையில் கருவியின் மெட்ரோனோம் நான்கு ஸ்டெப்புக்கு ஒருமுறை அடித்துக்கொண்டிருக்கும். அது எல்லோரையும் வழி தவறவைக்கும். அதை அணைத்துவிட்டு, ஐந்து ஸ்டெப்புக்கு ஒரு அடி வரும் தனி டிராக்கை இயர்போனுக்கு அனுப்புங்கள்.

அந்த இயர்போன் யார் காதில் இருக்க வேண்டும்? நான் தாளம் போடுகிறவருக்குத்தான் கொடுப்பேன். தவில்காரர் அவருடைய தாளத்தைக் கேட்டு வாசித்துப் பழகியவர். புதிதாக ஒரு இயந்திரத்தைக் காதில் திணித்தால் தனி (தவில் மட்டும் ஒலிக்கும் பகுதி) வாசிக்கும்போது கழற்றி எறிவார், எறிவதும் நியாயம்தான்.

கோயில் திருவிழாவில் ஸ்பீக்கர்கள் எங்கெங்கோ இருக்கும். ஒலி பத்து மீட்டர் கடக்க ஏறக்குறைய 29 மில்லிசெகண்ட் ஆகும். அதாவது பத்து மீட்டர் தள்ளி இருக்கும் ஸ்பீக்கரைக் கேட்டு வாசிப்பவர், டெம்போ 80-இல் 58 சதவீத ஸ்விங் அளவுக்குப் பின்தங்குவார். வீட்டில் பார்த்துப் பார்த்து அமைத்த க்ரூவ் அங்கே காணாமல் போகும். மேடையில் மானிட்டர் ஸ்பீக்கர் ஒன்றைத் தவிலுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லி ஒலியமைப்பாளரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். மானிட்டர் கிடைக்காத இடத்தில் ஸ்விங் எல்லாவற்றையும் 50-க்கு இறக்கிவிடுவேன்.

புறப்பாடு போல நடந்துகொண்டே வாசிக்கும் இடங்களில் காலப்பிரமாணம் தானாக ஏறும், இறங்கும். அங்கே தாள டிராக்குகளை ஒலியடக்கிவிட்டு சுருதி, நீண்ட ஒலிகள் மட்டும் ஓடட்டும்.

11. சேமிப்பும் கடைசிச் சோதனையும்

ஜெனரேட்டரில் ஓடும் பந்தலில் மின்சாரம் ஒரு நொடி போய் வந்தால் சேமிக்காத பேட்டர்ன் போய்விடும். பேட்டர்னைச் சேமிப்பதும் புராஜெக்டைச் சேமிப்பதும் பல கருவிகளில் வேறு வேறு, இரண்டையும் செய்யுங்கள். கிளாக் அனுப்புதல், வாங்குதல் அமைப்புகள் புராஜெக்டில் சேராமல் பொது அமைப்பில் இருக்கும் கருவிகளும் உண்டு. அதனால் சேமித்தபின் கருவியை அணைத்துப் போட்டு, 2, 3 படிகளில் வைத்தவை அப்படியே இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பிறகு ஒவ்வொரு பேட்டர்னையும் கையால் தாளம் போட்டுக்கொண்டே இரண்டு ஆவர்த்தனம் ஓட்டுங்கள். ஒரு ஆவர்த்தனம் போதாது, நீளத் தப்பு இரண்டாவதில்தான் தலைகாட்டும். நடை மாறும் இடத்தை நிறுத்தாமல் ஓட்டிப் பாருங்கள்: சதுஸ்ரத்தில் இரண்டு, கண்டத்தில் இரண்டு, மீண்டும் சதுஸ்ரம். பேட்டர்ன் மாற்றும் பொத்தானைக் கடைசி அட்சரத்துக்கு முன்பே அழுத்தப் பழகுங்கள். பல கருவிகள் ஓடும் பேட்டர்ன் முடிந்த பிறகே மாறும்; தாமதமாக அழுத்தினால் இன்னொரு ஆவர்த்தனம் காத்திருக்க வேண்டும், அதற்குள் நாதஸ்வரம் அடுத்த நடைக்குப் போயிருக்கும்.